நகராத பாறை மேலே போனது எப்படி?

கோப்பையில் தேநீர் ஊற்றுகிறீர்கள். மட்டம் மெல்ல ஏறுவது தெரிகிறது. விளிம்பைத் தொடும் முன்னே கை தானாக நிமிர்ந்துவிடுகிறது. ஜெர்மனியில் ஒரு பெண்மணிக்கு இந்தச் சின்ன வேலை முடியாமல் போய்விட்டது.

1978-இல் அவருடைய மூளையின் இரத்தக் குழாயில் அடைப்பு ஏற்பட்டு, மூளையின் பின்பகுதி இரு பக்கமும் பாதிக்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது 43. மருத்துவ ஏடுகள் அவரை ‘எல்.எம்.’ என்று மட்டும் குறிப்பிடுகின்றன. அவருக்கு நிறங்கள் தெரிந்தன. பொருள்களை அடையாளம் கண்டார். அசைவு மட்டும் ஏறக்குறைய முற்றாக மறைந்துபோயிற்று! ஊற்றும் தேநீர் பனிக்கட்டியாக உறைந்து நிற்பதாகவே அவர் கண்ணுக்குப் பட்டது. அது ஏறுவது தெரியாததால் எப்போது நிறுத்துவது என்றும் தெரியவில்லை. சாலையைக் கடக்க நின்றால், முதலில் தூரத்தில் ஒரு கார்; அடுத்த கணம் பார்த்தால் அதே கார் பக்கத்தில். நடுவில் அது ஓடிவந்ததை அவர் பார்க்கவே இல்லை. பேசுகிறவரின் உதடு அசைவது தெரியாததால், எதிரே இருப்பவர் பேச்சைப் பின்தொடர்வதும் கடினமாக இருந்தது. நாளடைவில் வண்டிச் சத்தத்தை வைத்தே தூரத்தைக் கணிக்கப் பழகிக்கொண்டார். அவருடைய அந்த மனத்திடத்தை நினைத்தால் எனக்கு வியப்பாக இருக்கிறது.

மியூனிக் நகரில் ஆய்வாளர் யோசெப் ட்சீலும் அவருடைய குழுவினரும் இவரைப் பல விதமாகச் சோதித்து 1983-இல் எழுதினார்கள். நிறம், வடிவம் எல்லாம் இருக்க, அசைவு மட்டும் தனியாகப் போகிறது என்றால், அதைக் கவனிக்க மூளையில் தனி இடம் இருக்கத்தானே வேண்டும்? இருக்கிறது. காதுக்குப் பின்புறமாக, மூளையின் இரு பக்கங்களிலும் உள்ள ஒரு சிறு பகுதி அது. ‘வி5’ என்று அதற்குப் பெயர். குரங்கு மூளையில் இதையொத்த பகுதியை ஆராய்ந்தபோது, அங்குள்ள நரம்புச் செல்கள் திசை பார்ப்பவை என்று தெரிந்தது. ஒரு செல் வலப்பக்க ஓட்டத்துக்குத் துடிக்கும். இன்னொன்று கீழ்நோக்கிய ஓட்டத்துக்கு.

இப்போது ஸ்காட்லாந்துக்குப் போவோம். 1834-இல் ராபர்ட் ஆடம்ஸ் என்பவர் நெஸ் ஏரிக்கு அருகிலுள்ள ஃபாயர்ஸ் அருவியைச் சிறிது நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு பக்கத்துப் பாறையைப் பார்த்தால், பாறை மேல்நோக்கிப் போகிறது! காரணம் இதுதான்: அந்தத் திசைச் செல்களிடையே எப்போதும் ஒரு கயிறு இழுக்கும் போட்டி நடக்கிறது. அசையாத பொருளைப் பார்க்கும்போது ‘மேலே’ அணியும் ‘கீழே’ அணியும் சம பலத்தில் இழுக்கும். அருவியையே பார்த்தால் ‘கீழே’ அணி களைத்துவிடும். அந்த நேரத்தில் பாறையைப் பார்த்தால் ‘மேலே’ அணி ஜெயித்துவிடும்.

அருவிதான் வேண்டும் என்பதில்லை. சினிமா முடிந்ததும் பெயர்கள் மேலே ஓடுமே, ஓர் எழுத்தையும் துரத்தாமல் திரையின் நடுவிலேயே கண்ணை வைத்திருங்கள். ஓட்டம் நின்றதும் திரை கீழே சரிவதுபோல் இருக்கும். அப்போது ஒன்றைக் கூர்ந்து கவனியுங்கள். சரிகிறது, சரிகிறது, ஆனால் இடம் மாறவில்லை! எல்.எம். பார்த்த காருக்கு இடம் மாறியது, ஓட்டம் இல்லை. உங்கள் திரைக்கு ஓட்டம் இருக்கிறது, இடம் மாறவில்லை. பொருள் எங்கே இருக்கிறது என்பது ஒரு கணக்கு, அது ஓடுகிறது என்பது வேறொரு கணக்கு என்று மூளை தனித்தனியாகப் போடுவதால்தான் இந்த இரண்டுமே நடக்கின்றன. இந்தத் துறையிலேயே எனக்கு மிகப் பிடித்த செய்தி இதுதான்.

அசைவைக் காட்டும் மூளை சில அசைவுகளை மறைக்கவும் செய்யும். நம் கண் நொடிக்கு ஏறத்தாழ மூன்று முறை இடம்விட்டு இடம் தாவுகிறது. அப்போதெல்லாம் உலகமே ஆட வேண்டும், ஆடுவதில்லை. தாவும் கணத்தில் வரும் காட்சியை மூளை அடக்கிவிடுகிறது. கண்ணாடி முன் நின்று உங்கள் இடக்கண்ணையும் வலக்கண்ணையும் மாறி மாறிப் பாருங்கள். கண் நகர்வது உங்களுக்குத் தெரியவே தெரியாது. பக்கத்தில் நிற்கும் தங்கையைக் கேளுங்கள், அவளுக்கு நன்றாகத் தெரியும். பிறகு கைப்பேசியின் முன்பக்கக் கேமராவில் இதையே செய்து பாருங்கள். அதில் படம் ஒரு துளி தாமதமாக வருவதால், கண் தாவி நின்ற பிறகு அந்தத் தாவல் திரையில் வந்து சேரும்!