வீட்டிலே புற்றுநோய்ச் சிகிச்சை

நோயுற்றவர் வைத்தியசாலையை நாடிச் செல்வது உலக வழக்கு. வைத்தியசாலை நோயாளியின் இல்லத்தை நாடி வருவதும் உண்டு. நியூயோர்க் நகரத்து மொன்ரிபியோர் வைத்தியசாலை 1947ஆம் ஆண்டிலேயே தன் வைத்தியரையும் தாதியரையும் நோயாளரின் வீடுகளுக்கு அனுப்பலாயிற்று. பாரிஸ் நகரத்துப் பொது வைத்தியசாலைகள் 1957இல் அத்தகைய முறையொன்றை மேற்கொண்டன. அன்று அரும்பிய முயற்சி இன்று பல நாடுகளிற் புற்றுநோய்க்குரிய இரசாயன மருந்துச் சிகிச்சையையும் தன்னுள் அடக்கியுள்ளது.

அச்சிகிச்சை யாது? விரைந்து பெருகும் உயிர்க்கலங்களை அழிக்கவல்ல மருந்துகளை உடலிற் செலுத்துவதாகும். புற்றுநோய்க் கலங்கள் விரைந்து பெருகுவன, ஆதலின் அழிகின்றன. ஆயின் குருதிக் கலங்களைத் தோற்றுவிக்கும் எலும்பு மச்சைக் கலங்களும், குடலின் உட்சுவர்க் கலங்களும், மயிர்க்காற் கலங்களும் அத்தகையனவே. இம்மருந்துகளுட் பல பகையையும் உறவையும் நன்கு பிரித்தறியா. வீட்டுச் சிகிச்சைக்கு வேண்டிய விழிப்பு முழுவதும் இவ்வொரு காரணத்தால் எழுவதே.

வீட்டில் மருந்தளிக்கும் முறைகள் மூன்று. முதலாவது, மாத்திரை. கப்பசிற்றபீன் என்னும் மாத்திரையைப் பெரும்பாலும் 14 நாள் உட்கொண்டு 7 நாள் ஓய்வு கொள்வர். இரண்டாவது, தாதி வந்து தோலின்கீழ் ஏற்றும் ஊசி. மூன்றாவது, சிறு விசைக்கருவி. பெருங்குடற் புற்றுநோய்க்குரிய சிகிச்சை முறையொன்றிற் புளோரோயூராசில் என்னும் மருந்து 46 மணி நேரம் இடையறாது குருதியிற் கலத்தல் வேண்டும். போத்தல் போன்ற சிறு கூட்டினுள் இறப்பர்ப் பையொன்று மருந்தால் நிரப்பப்பட்டிருக்கும். அப்பை சுருங்கச் சுருங்க, மருந்து மெல்லிய குழாய் வழியே நாளத்தை அடையும். மின்சாரம் வேண்டா. வைத்தியசாலையில் அதனைப் பொருத்திக்கொண்டவர் வீடு திரும்பித் தம் கட்டிலிலே உறங்கலாம். மருந்து முடிந்தபின் தாதி வந்து கழற்றுவார்.

இதனாற் பயணக் களைப்பும் காத்திருப்பும் குறைகின்றன. நோய் எதிர்ப்பாற்றல் குன்றியவர், பிற நோயாளர் நெருங்கியிருக்கும் இடத்தைத் தவிர்க்கவும் முடிகின்றது. 2020இற் கொரோனாத் தொற்றுப் பரவியபோது அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக மருத்துவப் பிரிவு இம்முறையை விரிவாக்கியது இதன்பொருட்டே. ஆயினும் அதே ஆண்டில், அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவரின் சங்கமொன்று, நாளத்தின் வழியேற்றும் மருந்துகளை வீட்டில் வழங்குதலைப் பொது வழக்காக்குதல் தகாது எனவும், அவரவர் நிலையறிந்து வைத்தியரும் நோயாளியும் கூடி முடிவு செய்தலே தகும் எனவும் அறிவித்தது.

அச்சங்கத்தின் தயக்கம் காரணமற்றதன்று. சில மருந்துகள் ஏறத்தொடங்கிய சில நிமிடங்களுள் மூச்சுத் திணறலை விளைவிக்கக்கூடும். அத்தகையவற்றின் முதல் வேளையை வைத்தியசாலையிற் பெறுதலே முறை. மருந்து சிந்தினாற் கையுறையின்றித் துடைத்தலாகாது. மாத்திரையைப் பொடித்தலும், கருவுற்ற மாதர் அதனைத் தொடுதலும் தவிர்க்கப்படல் வேண்டும். மருந்து பெற்ற ஏறத்தாழ 48 மணி நேரம் நோயாளியின் மலசலத்திலும் வாந்தியிலும் அதன் கூறு இருக்குமாதலால், அவற்றைத் துப்புரவு செய்வோரும் கையுறை அணிதல் வேண்டும்.

யாவற்றினும் அஞ்சத்தக்கது காய்ச்சல். மருந்தேறிய 7ஆம் நாள் முதல் 14ஆம் நாள் வரையில் வெண்குருதிக் கலங்கள் பெரும்பாலும் மிகக் குறைந்திருக்கும். அக்காலத்தில் உடல் வெப்பம் 38 பாகை செல்சியஸை எட்டுமாயின், விடியட்டும் எனக் காத்திருத்தலும், காய்ச்சல் மாத்திரையொன்றை விழுங்கி உறங்குதலும் உயிருக்கே ஊறு விளைவிக்கும். நள்ளிரவாயினும் அப்பொழுதே வைத்தியசாலைக்கு அறிவித்தல் வேண்டும்.

ஆகவே, ஒருவரை வீட்டிலே வைத்து மருந்தளிக்கலாமோ என்பதை நோயின் தன்மை மட்டும் தீர்மானிப்பதில்லை. அவ்வீட்டில் அருகிருந்து கவனிக்க ஒருவர் உண்டா? அவர் தம் வேலையிடையே அப்பொறுப்பைத் தாங்கவல்லரா? இரவில் அழைத்தால் மறுமொழி கூற வைத்தியசாலையில் ஒருவர் விழித்திருக்கின்றாரா? விரைந்து சென்று சேர ஊர்தி கிடைக்குமா? இவற்றுள் ஒன்றுக்கேனும் இல்லை என்பதே விடையாயின், வைத்தியசாலைக் கட்டிலே நலம். எல்லாவற்றிற்கும் ஆம் என்பதே விடையாயின், கவனிப்பவருக்கு விளங்கும் மொழியில் அறிவுரைகளை எழுதிக் கொடுத்து, வெப்பமானியையும் தொலைபேசி இலக்கத்தையும் அவர் கைக்கெட்டும் இடத்தில் வைத்த பின்னரே நோயாளியை வீட்டுக்கு அனுப்புதல் முறையாகும்.