ஆடிப்பிறப்புக் கொழுக்கட்டை: பிள்ளைகளின் கைக்கும் ஒரு வேலை

யூலை நடுப்பகுதியில் வரும் ஆடிப்பிறப்பு, எங்கள் வீடுகளில் கூழும் கொழுக்கட்டையும் செய்யும் நாள். போரிலும் இடப்பெயர்விலும் அம்மம்மாவை இழந்த வீடுகளில் அந்தக் கைப்பக்குவமும் அவரோடு போய்விட்டது. அதை மீட்கப் பிள்ளைகளையும் அடுப்படிக்கு அழைக்கலாம்.

வறுத்த அரிசிமாவைக் கொதிநீர் விட்டே குழைக்க வேண்டும். சூட்டில் மா பசைத்தன்மை பெறுவதால்தான் வெடிக்காமல் மடிகிறது. பச்சைத்தண்ணீர் விட்டால் உதிரும். இந்த வேலை பெரியவர்களுக்கு. அவித்த பயறு, தேங்காய்ப்பூ, சர்க்கரை, ஏலக்காய் சேர்த்த உள்ளுடனை உருட்டுவதும், மடித்த விளிம்பைப் பல்லுப் பல்லாய்க் கிள்ளுவதும் பிள்ளைகளுக்கு. பிறகு 15 நிமிடமளவில் நீராவியில் அவித்தால் போதும்.

விளிம்பு கோணலானாலும் திருத்தாதீர்கள். அளவுகளைக் கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். கையில் மட்டும் இருந்தது கையோடு போனதை நாம் கண்டிருக்கிறோம்.