சாரல் ஓய்ந்த பிறகு கரிக் கணக்கு

தென்காசி மண்ணில் நிலக்கரி கிடையாது. ஆனாலும் கரியின் அருமை இங்கே நன்றாகத் தெரியும். செங்கோட்டைக் கணவாய் வழியாக வந்து குற்றாலத்தில் சாரலடிக்கும் காற்றுதான் சுரண்டை, ஆலங்குளம் பக்கத்துக் காற்றாலைகளையும் சுற்ற வைக்கிறது. 2022 ஜூலை 9 அன்று தமிழகக் காற்றாலைகள் ஒரே நாளில் சுமார் 12 கோடி யூனிட் தந்தன. யூனிட்டுக்கு 0.7 கிலோ என்று வைத்தாலும், அன்று எரிக்காமல் மிச்சமான கரி 84,000 டன்.

ஐப்பசியில் ஐந்தருவியில் தண்ணீர் கொட்டும், காற்று படுத்துவிடும். இரவு நேரத்துக்குச் சூரிய மின்சாரமும் இல்லை. அப்போது கைகொடுப்பவற்றுள் ஒன்று தூத்துக்குடி அனல்மின் நிலையம். 1979 முதல் 1992 வரை ஒவ்வொன்றாக வந்த ஐந்து அலகுகள், தலா 210 மெகாவாட். ஐந்தும் முழுதாக ஓடினால் நாளொன்றுக்கு 2.52 கோடி யூனிட்.

ஒடிசாவின் தால்சேர் கரி ரயிலில் பாரதீப் வந்து, கப்பலேறித் தூத்துக்குடியில் இறங்குகிறது. பெரும்பாலும் திறந்தவெளிச் சுரங்கக் கரி. சாம்பல் ஏறக்குறைய 40 சதவீதம். ஒரு யூனிட்டுக்கு 2,400 கிலோ கலோரி வெப்பம் வேண்டும் என்று கொள்வோம். கிலோவுக்கு 3,500 கிலோ கலோரி தரும் ஜி-13 தரக் கரியானால் நாளுக்கு 17,280 டன் வேண்டும். ராணிகஞ்ச் நிலத்தடிச் சுரங்கங்களில் கிடைக்கும் 5,600 கிலோ கலோரி ஜி-6 தரமானால் 10,800 டன் போதும். மிச்சம் 6,480 டன். 60,000 டன் ஏற்றிய கப்பல் முதல் கரியில் மூன்றரை நாளில் தீரும். இரண்டாவதில் ஐந்தரை நாள் வரும்.

விலை? 2018 ஜனவரியில் கோல் இந்தியா மின் நிலையங்களுக்கு அறிவித்த பட்டியலில் ஜி-13 டன்னுக்குச் சுமார் 800 ரூபாய், ஜி-6 சுமார் 2,300. சுரங்க வாசலில் பார்த்தால் ஏறக்குறைய மூன்று மடங்கு. ஆனால் வழிச்செலவு இரண்டுக்கும் ஒன்றே என்று வைத்துப் பெருக்கிப் பாருங்கள்: அது டன்னுக்கு 1,700 ரூபாயைத் தாண்டினால், விலை கூடிய கரிதான் லாபம். சுரங்கத்துக்கு எவ்வளவு தொலைவில் மின் நிலையம் இருக்கிறதோ, அவ்வளவுக்கு இந்த லாபம் கூடும். தூத்துக்குடியோ சுரங்கங்களிலிருந்து வெகு தொலைவு.

அப்படியிருந்தும் நிலத்தடி உற்பத்தி தேய்ந்துபோனது. 1973-இல் சுரங்கங்கள் நாட்டுடைமையானபோது பெரும்பங்குக் கரி பூமிக்கடியிலிருந்துதான் வந்தது. 2023–24-இல் கோல் இந்தியா எடுத்த சுமார் 77 கோடி டன்னில் நிலத்தடிக் கரி சுமார் 2.6 கோடிதான். நிலத்தடியில் ஒருவர் ஒரு ஷிப்டில் எடுப்பது ஒன்றிரண்டு டன். திறந்தவெளியில் பத்து டன்னுக்கு மேல். நிலத்தின் விலையை மட்டும் யாரும் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஒரு டன் பழுப்பு நிலக்கரிக்கு ஐந்து கன மீட்டருக்கு மேல் மண்ணை அள்ளும் நெய்வேலியைச் சுற்றியுள்ள விவசாயிகளைக் கேட்டால் அந்த விலை தெரியும்.

நிலத்தடி என்றால் ஆபத்தில்லை என்று சொல்லமாட்டேன். 1975 டிசம்பர் 27 அன்று சாஸ்நாலா நிலத்தடிச் சுரங்கத்தில் வெள்ளம் புகுந்து 370-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். கூரையைத் தாங்கக் கரியையே தூண்களாக விட்டு வெட்டும் பழைய முறையில் பெரும்பகுதி உள்ளேயே தங்கிவிடுகிறது. தூணையும் எடுத்து, மணல் நிரப்பாமல் விட்டால் மேலிருக்கும் வீடு விரிசல் விடுகிறது. தெலங்கானாவில் சிங்கரேணியின் அட்ரியாலா சுரங்கம் வேறு வழி. இரும்புத் தாங்கிகள் ஹைட்ராலிக் விசையால் கூரையைப் பிடித்திருக்க, அவற்றின் நிழலில் இயந்திரம் கரியைச் சீவுகிறது; சீவச் சீவத் தாங்கிகள் முன்னே நகர, பின்னால் கூரை தானே சரிகிறது. முதலீடு பெரிது, ஆள் குறைவு.

2030-க்குள் ஆண்டுக்கு 10 கோடி டன் நிலத்தடிக் கரி என்பது ஒன்றிய அரசின் இலக்கு. அதற்காகவே 2025 ஏப்ரலில் நிலத்தடிச் சுரங்கங்கள் அரசுக்குத் தர வேண்டிய குறைந்தபட்ச வருவாய்ப் பங்கை 4 சதவீதத்திலிருந்து 2 ஆக்கினார்கள். சலுகையோடு, மணல் நிரப்பும் செலவையும் ஒப்பந்தத்தில் கட்டாயமாக்க வேண்டும். தமிழ்நாடு மின்வாரியம் தன் பங்குக்கு, கரி வாங்கும்போது டன் விலையை விட்டுவிட்டு, தூத்துக்குடிக் கரையில் இறங்கிய பின் ஆயிரம் கிலோ கலோரிக்கு எத்தனை பைசா என்று ஒப்பிட்டு வாங்கட்டும். சாம்பல் அகற்றும் கூலியும் அதில் சேரட்டும்.