கடலோரச் சமூகமும் சூபித் தரீக்காக்களும்

இடைக்காலச் சமூகத்திலே சூபித் தரீக்காக்கள் பெற்ற செல்வாக்கினை ஞானியரின் அற்புதங்களைக் கொண்டு மாத்திரம் விளக்கிவிட இயலாது. எத்தகைய மக்கள், எத்தேவை கருதி அவர்களை நாடினர் என்பதே நாம் எழுப்பவேண்டிய வினாவாகும்.

சாம்பல்தீவுக்குத் தெற்கே, திருகோணமலையின் நிக்கல்சன் குடாவிற் கிடைத்த அரபுக் கல்லறைக் கற்கள், இக்கரையில் முஸ்லிம்கள் இடைக்காலத்திலேயே வாழ்ந்தமைக்குச் சான்றாகும். கடலுக்கு அப்பால், சோழமண்டலக் கரையில், நாகூர் உள்ளது. அங்கு 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஷாகுல் ஹமீது, பக்தாதில் 1166இல் மறைந்த அப்துல் காதிர் ஜீலானியின் பெயரால் வழங்கும் காதிரிய்யா மரபினர். போர்த்துக்கேயர் முஸ்லிம்களின் கடல் வாணிகத்தை நெருக்கிய நூற்றாண்டு அது. ஓட்டை விழுந்த கப்பலை அவர் காத்தாரென்னும் ஐதிகம், கடலோடிகளின் அச்சத்தையும் நம்பிக்கையையும் ஒருங்கே உணர்த்துகிறது.

தரீக்கா வெறும் தியான நெறியன்று. ஷெய்கிடம் பைஅத் பெற்றவன் ஒரு குரு பரம்பரையின் உறுப்பினனானான். அறியாத துறைமுகத்திலும் அவனுக்கு உடன்சீடர் இருந்தனர். அரசின் காவல் எட்டாத இடத்தில் இவ்வுறவே வணிகத்துக்கு வேண்டிய நம்பிக்கையை அளித்தது எனலாம். பினாங்கிலும் சிங்கப்பூரிலும் நாகூரார் பெயரில் தர்காக்கள் எழுந்தன. கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியில் அவருக்கு அடக்கத்தலம் இல்லை. ஆயினும் அவர் நினைவாகக் கொடியேற்றப்படுகிறது.

பொதுமக்களைக் கவர்ந்தவை தாய்மொழியும் கந்தூரியுமாகும். தக்கலைப் பீர் முகம்மது அப்பா ஞானப் பொருளைத் தமிழ்ப் பாட்டாக்கினார். தர்காவின் வாயில் பெண்களுக்கும் பிற சமயத்தவர்க்கும் திறந்திருந்தது. தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங் (1739–1763) நாகூரில் 131 அடி உயர மினாராவை எழுப்பினார். மக்கள் திரண்ட இடத்தை ஆள்வோரும் வணிகரும் ஆதரித்தனர். அதனால் தம் மதிப்பையும் பெருக்கிக்கொண்டனர். கந்தூரிப் பந்தியில் நிலவிய சமத்துவம் வயலுக்கும் சந்தைக்கும் பரவவில்லை என்பதையும் நாம் மறத்தலாகாது.

எனினும், இம்மரபினைப் புறத்தேயிருந்து ஒட்டிய மாசெனக் கருதுவோர் உளர். 2004இல் காத்தான்குடியில் சூபிக் குழுவினர்மீது வன்முறை நிகழ்ந்தது. கொள்கை வேறுபாடு விவாதத்திற்குரியது, வரலாறோ தெளிவானது. இப்பிரதேசத்தின் சாதாரண மக்களிடையே இஸ்லாம் வேரூன்றிய வழிகளுள் இது முதன்மையானது. இவ்வழியை மறுப்போர், அம்மக்களின் வரலாற்றையே மறுப்போராவர்.