சொன்ன வாயை விட்டு அடித்த கையைப் பிடித்தேன்: சிறுவர் உதைபந்தாட்டத்தில் நடுவரின் பொறுப்பு

பசறைப் பக்கம், தேயிலை மலைக்கு நடுவே வெட்டியெடுத்த ஒரு மைதானம். ஒரு பக்கம் கோயில், மறுபக்கம் பள்ளம். பந்து பள்ளத்தில் விழுந்தால் எடுத்துவரவே ஐந்து நிமிடமாகும். பதினைந்து வயதுக்குட்பட்ட பையன்களின் ஆட்டம். ஒன்று தோட்டத்து அணி, மற்றது நகரத்து அணி. நான் நடுவர்.

இரண்டாம் பாதியில் கோர்னர் உதைக்காக எல்லோரும் கோல் கம்பத்தருகே நெருக்கியடித்து நின்றார்கள். அப்போது நகரத்துப் பையன் ஒருவன், தன்னை மறித்து நின்ற தோட்டத்துப் பையனைப் பார்த்து "கொட்டியா" என்றான். சிங்களத்தில் புலி. எனக்கு நன்றாகவே கேட்டது. சின்னப் பையன்கள்தானே, ஆட்டம் நன்றாகப் போகிறது, எதற்கு நிறுத்த வேண்டும் என்று விட்டுவிட்டேன். சற்று நேரத்தில் அதே சொல் மறுபடியும் வந்தது. இந்த முறை அடி விழுந்தது. அடித்தவனுக்குச் சிவப்பு அட்டை காட்டினேன். வெளியே போகும்போது அவன் திரும்பி ஒன்றே ஒன்றுதான் கேட்டான்: "அவன் சொன்னது உங்களுக்குக் கேட்டுச்சு தானே சேர்?"

என்னிடம் பதில் இருக்கவில்லை. அடித்ததற்குச் சிவப்பு அட்டை சரியான தீர்ப்பு. ஆனால் அது இரண்டாவது தீர்ப்பு. முதல் தீர்ப்பை நான் வழங்கவே இல்லை.

விதி என்ன சொல்கிறது?

உதைபந்தாட்ட விதிகளில் 12 ஆவது விதி முறைகேடுகளைப் பற்றியது. அதில் இரண்டு படிகள் உண்டு. காயம்பட்டதுபோல நடித்து நடுவரை ஏமாற்றப் பார்ப்பது, எதிராளி பந்தை எடுக்கும்போது கத்திக் குழப்புவது, ஆட்டத்துக்கு மரியாதையில்லாமல் நடப்பது போன்றவை விளையாட்டுப் பண்பற்ற நடத்தை. அதற்கு மஞ்சள் அட்டை. நடுவரின் தீர்ப்பை எதிர்த்துச் சண்டை பிடிப்பதற்கும் மஞ்சள் அட்டைதான்.

ஆனால் ஒருவரை இழிவுபடுத்தும், அவமதிக்கும் சொல்லோ சைகையோ இந்தப் படியில் வராது. அது நேரடியாகச் சிவப்பு அட்டைக்குரிய குற்றம். எதிராளியை அடிப்பதற்கும், அவர்மீது துப்புவதற்கும் உள்ள அதே தண்டனை. இதைப் பல பயிற்சியாளர்களே அறிந்திருப்பதில்லை. "வாயால் சொன்னதுதானே, கையை வைக்கவில்லையே" என்று வாதாடுவார்கள். விதி அப்படிப் பிரிக்கவில்லை. அந்தச் சொல்லுக்காக நடுவர் ஆட்டத்தை நிறுத்தினால், எதிரணிக்கு மறைமுக ப்ரீ கிக் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்க வேண்டும்.

ஆகவே அன்று எனக்கு அதிகாரம் இல்லாமலில்லை. பயன்படுத்தத் தவறியது நான்.

ஏன் இந்தச் சொற்கள் வெறும் சொற்கள் அல்ல?

1983 ஜூலையில் பதுளை நகரில் தமிழரின் கடைகளும் வீடுகளும் எரிந்தன. அதற்கு முன்னரும் பின்னரும் இந்த மலைகளை விட்டு வன்னிக்குப் போய்க் குடியேறிய குடும்பங்கள் பல. இதை வாசிக்கும் உங்களில் சிலரது பாட்டன் பாட்டி ஊவாத் தோட்டங்களில் கொழுந்து பறித்தவர்களாக இருக்கலாம். 2000 ஒக்டோபர் 25 அன்று, பண்டாரவளைக்கு அருகே பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில் தடுத்து வைக்கப்பட்டிருந்த தமிழ் இளைஞர்கள் இருபதுக்கும் மேற்பட்டோரைக் கும்பலொன்று கொன்றது. பொலிஸார் அங்கே இருந்தபோதே நடந்தது அது. அந்த வழக்கில் கடைசியில் எவரும் தண்டிக்கப்படவில்லை.

யுத்த காலத்தில் புலி என்ற ஒரு சொல்லால் மனிதர்கள் காணாமற்போனார்கள். அதைச் சொன்ன பதினான்கு வயதுப் பையனுக்கு இந்த வரலாறு தெரியாது. யுத்தம் முடிந்த காலத்தில் வளர்ந்தவன் அவன். பெரியவர்கள் வாயிலிருந்து கேட்டதைச் சொல்கிறான். ஆனால் கேட்டவனின் வீட்டில் அந்தச் சொல்லுக்கு ஒரு கதை இருக்கும். இருவருக்கும் நடுவே நிற்கிற பெரியவர் நடுவர் மட்டுந்தான்.

மொழி தெரியாத நடுவர்

மஞ்சள், சிவப்பு அட்டைகள் வந்ததற்கே மொழிதான் காரணம். 1966 உலகக் கிண்ணக் காலிறுதியில் இங்கிலாந்தும் ஆர்ஜென்டினாவும் ஆடியபோது, ஜெர்மன் நடுவர் ருடோல்ப் கிரைட்லைன் ஆர்ஜென்டினாத் தலைவர் அன்டோனியோ ரட்டினை வெளியேற்றினார். ஒருவர் மொழி மற்றவருக்குப் புரியவில்லை. ரட்டின் வெளியேற மறுத்து நெடுநேரம் நின்றார். அந்தக் குழப்பத்தைக் கண்ட ஆங்கிலேய நடுவர் கென் அஸ்டனுக்கு, வீதிச் சமிக்ஞை விளக்குகளைப் பார்த்து அட்டை யோசனை பிறந்தது. 1970 இல் மெக்சிக்கோ உலகக் கிண்ணத்தில் அட்டைகள் முதன்முதலாக வந்தன.

அட்டை, நடுவர் சொல்வதை எல்லா மொழிக்காரருக்கும் புரியவைக்கும். ஆனால் மற்றவர்கள் சொல்வதை நடுவருக்குப் புரியவைக்காது. ஊவாவில் ஒரே மைதானத்தில் தமிழும் சிங்களமும் பேசப்படும். ஒரு மொழி மட்டும் தெரிந்த நடுவருக்குப் பாதி ஆட்டம் கேட்காது. எனவே இரு மொழிப் பிள்ளைகள் ஆடும் போட்டியில் நடுவருக்குத் தெரியாத மொழியை அறிந்தவர் ஒருவரையாவது உதவி நடுவராகப் போட வேண்டும். உதவி நடுவர் கேட்டுச் சொன்னாலும் அட்டை காட்டலாம். நடுவர் குழுவில் எவருக்கும் கேட்கவில்லையென்றால் அட்டை காட்ட முடியாது. ஆனாலும் முறைப்பாட்டைக் காதுகொடுத்துக் கேட்டு, இரு பயிற்சியாளர்களையும் அழைத்துப் பேசி, ஆட்ட அறிக்கையில் எழுதலாம். "கேட்டுச்சு தானே சேர்" என்பவனுக்கு அதுவே பாதி நியாயம்.

நான் இப்போது செய்வது

ஆட்டம் தொடங்கு முன் இரு அணிகளையும் ஒன்றாக நிறுத்தி, எந்தெந்த மாதிரிச் சொற்களுக்குச் சிவப்பு அட்டை என்று இரு மொழியிலும் சொல்லிவிடுகிறேன். பையன்கள் முறைத்துக்கொள்ளத் தொடங்கினால் பந்து வெளியே போகும்வரை காத்திருந்து, இருவரையும் தனியே கூப்பிட்டு, குரலை உயர்த்தாமல் எச்சரிக்கிறேன். கூட்டத்துக்கு முன் அவமானப்பட்ட பிள்ளை அடங்காது.

சிறுவர் ஆட்டங்களில், தேசிய சங்கம் அனுமதித்தால், வெளியே எடுத்த வீரரைத் திரும்பவும் இறக்கலாம். கொதித்துப்போன பையனைப் பயிற்சியாளர் சற்று நேரம் உட்கார வைக்க இது போதும். மஞ்சள் அட்டைக் குற்றங்களுக்குத் தற்காலிக வெளியேற்றமும் உண்டு. ஆட்ட நேரத்தில் 10 முதல் 15 சதவீதம், அதாவது 60 நிமிட ஆட்டத்தில் 6 முதல் 9 நிமிடம். இழிசொல்லுக்கு இது பொருந்தாது. அதற்குச் சிவப்பு அட்டைதான்.

2019 முதல் பயிற்சியாளர்களுக்கும் அட்டை காட்டலாம். அணியினர் அமரும் இடத்திலிருந்து வந்த சொல்லுக்குச் சொன்னவர் யாரென்று தெரியாவிட்டால், அங்கிருக்கும் தலைமைப் பயிற்சியாளருக்கே அட்டை. பார்வையாளர் இனவாதமாகக் கத்தினால் பீபாவின் மூன்று படிகள் உள்ளன: முதலில் நிறுத்துவது, பிறகு அணிகளை வெளியே கூட்டிச்செல்வது, அப்படியும் தொடர்ந்தால் ஆட்டத்தைக் கைவிடுவது.

நம் வாய்களும்

இது சிங்களப் பிள்ளைகள் மட்டும் செய்யும் குற்றமென்று எழுதினால் நான் பொய்யனாவேன். எங்கள் தோட்டத்துப் பையன்கள் சாதிப் பெயரைச் சொல்லி ஏசிக் கேட்டிருக்கிறேன். சிங்களப் பையனையும் முஸ்லிம் பையனையும் அவர்களுக்குப் புரியாதென்று நினைத்துத் தமிழில் திட்டியதையும் கேட்டிருக்கிறேன்.

கடந்த ஒரு போட்டியில் வெளி மாவட்டத்திலிருந்து வந்த தமிழ் அணி ஒன்று ஆடியது. பந்தைப் பறிகொடுத்த பையன் எங்கள் பையனை "தோட்டக்காட்டான்" என்றான். விசிலை ஊதி, சிவப்பு அட்டையை எடுத்தேன். அவர்களுடைய பயிற்சியாளர் ஓடிவந்தார். "சேர், பெடியன் பகிடிக்குச் சொன்னவன். நாங்களும் தமிழர்தானே."

"அதனாலதான் சேர்," என்றேன். அவர் மேலே பேசவில்லை. எங்கள் பையன் கையை ஓங்கவும் இல்லை. மறைமுக ப்ரீ கிக் எடுத்து ஆட்டம் தொடர்ந்தது.

அன்று நான் வெளியேற்றிய பசறைப் பையன் அதன்பிறகு விளையாட வரவில்லை. கொழும்பில் கடையொன்றில் வேலை செய்கிறான் என்று கேள்வி. அவன் கேட்டதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. ஆமாம் தம்பி, எனக்குக் கேட்டது.