முதனூலும் வழிநூலும்: பிரித்தானிய நகைச்சுவைத் தொடர்கள் அமெரிக்காவிலே பெற்ற மாற்றங்கள்

முதனூலின் வழிவரும் நூல் எவ்வெவ்வகையில் அமையலாம் என்பதைத் தொல்காப்பிய மரபியல் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என நால்வகைப்படுத்திக் கூறும். இப்பாகுபாட்டை மனங்கொண்டு, பிரித்தானியத் தொலைக்காட்சித் தொடர்கள் ஐக்கிய அமெரிக்காவிலே மீளத் தயாரிக்கப்படுவதை நோக்குமிடத்து ஒரு வினா எழுகின்றது. இரு நாட்டினரும் பேசுவது ஆங்கிலமே. மூலத்தை அவ்வாறே ஒளிபரப்பினாலும் அமெரிக்கப் பார்வையாளருக்கு அது விளங்கும். அவ்வாறிருக்க, பெரும் பொருட்செலவில் அதனைப் புதிதாக ஆக்கவேண்டிய தேவை யாது? மொழி பெயர்க்கப்பட வேண்டாதவிடத்து அங்கு பெயர்க்கப்படுவது எது?

நகைச்சுவை உணர்வு நாட்டுக்கு நாடு வேறுபடும் என்பதே பொதுவாகக் கூறப்படும் விடை. அது தவறன்று, ஆயினும் போதியதன்று. அவ்வேறுபாடு எதிலிருந்து பிறக்கின்றது என்பதை அது விளக்குவதில்லை. பெயர்க்கப்படுவது வர்க்க உறவுகள் பற்றிய நோக்கே என்பதை இரு தொடர்களைச் சிறப்பாக ஆராய்ந்து காட்டுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1

முதலிலே உற்பத்தி முறையைக் கவனித்தல் வேண்டும். பி.பி.சி. நிறுவனம் உள்நாட்டிலே அனுமதிப்பத்திரக் கட்டணத்தைப் பிரதான வருவாயாகக் கொண்டு வளர்ந்தது. அங்கு நகைச்சுவைத் தொடரொன்று பெரும்பாலும் ஆறேழு அங்கங்களைக் கொண்டதாய், ஓர் எழுத்தாளராலோ இருவராலோ எழுதப்படுவது வழக்கம். அமெரிக்க வலையமைப்புகளோ விளம்பரதாரருக்குப் பார்வையாளரை விற்று வாழ்பவை. அங்கு ஓராண்டிலே இருபதுக்கு மேற்பட்ட அங்கங்கள் தேவைப்படும். அவற்றை எழுத்தாளர் குழுவொன்று எழுதும். ஏறத்தாழ நூறு அங்கங்கள் சேர்ந்த பின்னரே உள்ளூர் நிலையங்களுக்கு மறுஒளிபரப்பு உரிமையை விற்றுப் பேரிலாபம் ஈட்டமுடியும் என்பது அத்தொழிலின் நீண்டகாலக் கணக்கு.

இக்கணக்கு கலையின் வடிவத்தையும் பாதிக்கின்றது. ஆறு அங்கங்களுள் ஒரு மனிதனின் தோல்வியை இரக்கமின்றிக் காட்டிவிட்டு முடித்துவிடலாம். நூறு வாரங்களுக்கு அதே மனிதனை வீட்டுக்குள் வரவழைக்க வேண்டுமெனின் அவனை விரும்பத்தக்கவனாக ஆக்குதல் வேண்டும். அவனுக்கு முன்னேற்றமும் தேவை. எனினும், பொருளாதார அமைப்பு கலையை நேரடியாக ஆக்கிவிடுகின்றது என வரட்டுத்தனமாகக் கூறுதல் பொருந்தாது. அது எல்லைகளை வகுக்கின்றது. அவ்வெல்லைகளுள்ளே நிகழ்வது கருத்தியலின் தொழிற்பாடு.

2

ஜோனி ஸ்பைற் எழுதிய 'ரில் டெத் அஸ் டூ பார்ட்' (மரணம் எம்மைப் பிரிக்கும்வரை) என்னும் தொடர் 1966இல் பி.பி.சி.யில் ஆரம்பித்தது. இலண்டனின் கிழக்குப் பகுதியிலே, துறைமுகத் தொழிலாளர் வாழும் வொப்பிங் வட்டாரத்தில் வசிப்பவன் அல்ஃப் கார்னெற். அவன் தொழிலாளி, ஆயினும் கன்சர்வேட்டிவ் கட்சிக்கு வாக்களிப்பவன், அரசியை வணங்குபவன், கறுப்பினத்தவரையும் குடியேறியவரையும் வெறுப்பவன். அவனது மருமகன் மைக், லிவர்பூலைச் சேர்ந்த சோசலிச நாட்டமுடைய இளைஞன். தொழிலாள வர்க்கம் தனக்கு எதிரான சித்தாந்தத்தைத் தானே சுமக்கும் முரண்பாடுதான் இங்கு நகைப்புக்குரிய பொருள். இது வெறுங்கற்பனையன்று. 1968 ஏப்ரலிலே இனோக் பவலின் குடியேற்ற எதிர்ப்புப் பேச்சை ஆதரித்து இலண்டன் துறைமுகத் தொழிலாளர் பாராளுமன்றத்தை நோக்கி ஊர்வலஞ் சென்றமை வரலாறு.

நோர்மன் லியர் இதனை 'ஓல் இன் த ஃபமிலி' என்ற பெயரில் அமெரிக்காவுக்குக் கொணர்ந்தார். ஏ.பி.சி. வலையமைப்பு இருமுறை நிராகரித்த பின்னர், 1971 ஜனவரியில் சி.பி.எஸ். வலையமைப்பில் அது ஒளிபரப்பாயிற்று. தொடர்ந்து ஐந்து பருவங்கள் பார்வையாளர் எண்ணிக்கையில் முதலிடம் பெற்றது. ஆர்ச்சி பங்கர் நியூயோர்க் நகரின் குயீன்ஸ் பகுதியிலே சொந்த வீடுடையவன். பொருள் ஏற்றியிறக்குமிடத்தில் மேற்பார்வையாளன். அவனது இனவெறுப்பு அப்படியே பேணப்பட்டது. ஆனால் எதிரணியில் நிற்பவன் மாறிவிட்டான். மைக் ஸ்ரிவிக் பல்கலைக்கழக மாணவன், தாராண்மைவாதி, பின்னர் கல்லூரி ஆசிரியனாகின்றவன்.

இம்மாற்றம் சிறிதெனத் தோன்றலாம். ஆனால் இதுவே மையமானது. மூலத்திலே தொழிலாள வர்க்கத்தினுள்ளேயே நிகழ்ந்த அரசியல் விவாதம், வழிநூலிலே கல்லாத தொழிலாளிக்கும் கற்ற இளைஞனுக்கும் இடையிலான விவாதமாகின்றது. முற்போக்கு கல்வியின் விளைவாகவும், பிற்போக்கு உடலுழைப்பாளியின் இயல்பாகவும் காட்டப்படுகின்றன. அமைப்பு பற்றிய கேள்வி தனிமனிதனின் தப்பெண்ணம் பற்றிய கேள்வியாகச் சுருங்குகின்றது.

தொடரின் பிற்கால வளர்ச்சியும் கவனத்திற்குரியது. 1977இல் ஆர்ச்சி மதுச்சாலையொன்றின் உரிமையாளனாகின்றான். தொழிலாளி சிறு முதலாளியாகின்றான். அவனது அயலவராயிருந்த கறுப்பினக் குடும்பத்தைக் கொண்டு 1975இல் உருவான 'த ஜெஃபர்சன்ஸ்' என்ற கிளைத் தொடரிலே, சலவை நிலையங்களால் செல்வம் ஈட்டிய அக்குடும்பம் மன்ஹற்றன் மாடிமனைக்குக் குடிபெயர்கின்றது. இன முரண்பாடு, வர்க்க ஏணியில் ஏறுவதன் மூலம் 'தீர்க்கப்படுகின்றது'.

இதனைக் கொண்டு மூலம் உயர்ந்தது, வழிநூல் தாழ்ந்தது எனத் தீர்ப்புக் கூறலாகாது. வியற்நாம் யுத்தம், இனப்பாகுபாடு, பெண்நிலை முதலியன அமெரிக்கக் குடும்பங்களின் கூடத்திலே பேசப்பட இத்தொடர் வழிவகுத்தமை மறுக்கவியலாது. மேலும், அங்கதம் தலைகீழாக விளங்கிக்கொள்ளப்படும் அபாயம் இரு நாட்டுக்கும் பொதுவானது. கார்னெற்றைத் தம் நாயகனாகக் கொண்டாடிய பிரித்தானியர் பலர். 1974இல் வெளிவந்த விட்மார், ரோக்கீச் ஆகியோரது ஆய்வு, தப்பெண்ணம் மிக்க பார்வையாளர் ஆர்ச்சியின் பக்கமே சாய்வதைக் காட்டியது. கலைஞனின் நோக்கம் மட்டும் படைப்பின் பயனைத் தீர்மானிப்பதில்லை என்பதற்கு இது தக்க சான்று.

3

ரே கோல்ற்றன், அலன் சிம்சன் ஆகிய இருவரும் எழுதிய 'ஸ்ரெப்ரோ அன்ட் சன்', 1962இல் ஒளிபரப்பான தனி நாடகமொன்றிலிருந்து வளர்ந்தது. குதிரைவண்டியிற் சென்று பழைய சாமான்கள் சேகரிக்கும் தந்தையும் மகனுமே அதன் மாந்தர். மகன் ஹரோல்ட் தொழிற்கட்சி அபிமானி. நூல், இசை ஆகியவற்றால் தன்னை உயர்த்திக்கொள்ள ஏங்குபவன். அம்முதல் நாடகத்தின் இறுதியில் அவன் வீட்டைவிட்டு வெளியேற எண்ணித் தன் உடைமைகளை வண்டியில் ஏற்றுகின்றான். குதிரை இல்லை. தானே இழுக்க முயல்கின்றான், வண்டி அசையவில்லை, அழுகின்றான். வர்க்க நிலை என்பது மனவுறுதியால் உதறித்தள்ளக்கூடிய ஒன்றன்று, அது பாரமுடையது என்பதை இதனினும் தெளிவாகக் காட்டும் காட்சிகள் தொலைக்காட்சியிலே சிலவே.

இதனை அமெரிக்காவுக்குக் கொண்டுசெல்லும் முதல் முயற்சி 1965இல் வெள்ளையின நடிகர்களைக் கொண்டு நடைபெற்றுத் தோல்வியுற்றது. 1972இல் என்.பி.சி. வலையமைப்பிலே 'சான்ஃபோட் அன்ட் சன்' ஆக அது வெற்றிபெற்றபோது, களம் லொஸ் ஏஞ்சல்சின் வோட்ஸ் பகுதி, மாந்தர் கறுப்பினத்தவர். 1965 ஓகஸ்டில் 34 பேர் உயிரிழந்த கிளர்ச்சி நிகழ்ந்தது அவ்வோட்ஸிலேதான். அமெரிக்கப் பொது ஊடகத்திலே நிரந்தர வறுமையை நம்பத்தக்கதாகக் காட்டுவதற்கு நிறம் என்னும் அடையாளம் தேவைப்பட்டது. வெள்ளையினத் தொழிலாளி என்றென்றும் ஏழையாயிருப்பான் என்பது அந்நாட்டின் தேசியக் கனவுக்கு ஒவ்வாதது. எனினும், ரெட் ஃபொக்ஸ் என்னும் மேடைக் கலைஞருடன் கறுப்பின மக்களின் சொந்த நகைச்சுவை மரபு இத்தொடரிலே புகுந்தது. றிச்சர்ட் பிறையர், போல் மூனி ஆகியோரும் சில அங்கங்களை எழுதினர். மூலம் அறியாத இந்த உயிர்ப்பை இழப்புகளோடு சேர்த்து எண்ணுதலே நேர்மை.

4

இப்போக்கு பிற்காலத்திலும் தொடர்ந்துள்ளது. 1990இல் வந்த 'ஹவுஸ் ஒஃப் கார்ட்ஸ்' நான்கு அங்கங்களைக் கொண்டது. அதன் சூழ்ச்சிக்கார நாயகன் உயர்குடிப் பிறப்பினன். 2013 முதல் 2018 வரை நெற்ஃபிளிக்ஸ் வெளியிட்ட 73 அங்கங்களின் நாயகன், தென் கரோலினாவில் பீச் பழத்தோட்டம் வைத்திருந்த ஏழையின் மகன். 2001இல் ஆரம்பித்த 'த ஒஃபிஸ்' தொடரின் மேலாளன் இரண்டாம் பருவ இறுதியில் ஆட்குறைப்புக்கு உள்ளாகின்றான். மூலத்தின் மொத்த அங்கங்கள் 14. 2005 முதல் 2013 வரை 201 அங்கங்களாக விரிந்த அமெரிக்க வடிவத்திலே, அவனுக்கு இணையான பாத்திரம் 2011இல் தான் காதலித்தவளை மணக்கும் மகிழ்ச்சியோடு விடைபெறுகின்றது. விரித்தல் என்பது இங்கு வெறும் அளவுமாற்றமன்று; அது பண்புமாற்றமாகின்றது.

எனவே, எழுப்பிய வினாவுக்கு இவ்வாறு விடை கூறலாம்: சொற்கள் பெயர்க்கப்பட வேண்டாத இடத்திலே பெயர்க்கப்படுவது சமூக உறவு. பிரித்தானிய மூலம் 'இவனால் ஏன் வெளியேற முடியவில்லை?' என்று கேட்கின்றது. அமெரிக்க வழிநூல் 'இவன் எப்போது முன்னேறுவான்?' என்று கேட்கின்றது. முதற்கேள்வி சமூகத்தை நோக்கியது. இரண்டாவது தனிமனிதனை நோக்கியது. முதற்கேள்வியைக் கேட்டவர்களும் அதற்கு விடை காணவில்லை, கையறுநிலையையே நகைச்சுவையாக்கினர். ஆயினும் சரியாகக் கேட்கப்பட்ட கேள்வி பயனுடையது. ஒரு கேள்வி இடம் பெயரும்போது எவ்வாறு உருமாறுகின்றது, அவ்வுருமாற்றத்தால் யாருக்கு நன்மை என்று ஆராய்வதே ஒப்பியல் விமர்சனத்தின் கடமையாகும்.