மளிகை பில் எங்கே எகிறுது? மறைமலைநகர் வீடுகளுக்கு ஒரு மாதக் கணக்கு!

சம்பளம் வந்த முதல் வாரத்தில் மறைமலைநகர் மளிகைக்கடைகளில் நிற்க இடம் கிடைக்காது. என்.எச்-1, என்.எச்-2 என்று எண் போட்டு அமைத்த இந்தக் குடியிருப்புகளில் பல வீடுகளின் மாதக் கணக்கு, ஷிஃப்ட் முடிந்து வீடு திரும்பும் ஒரே ஒருவரின் சம்பளத்தை நம்பித்தான் ஓடுகிறது. இருபதாம் தேதிக்கு மேல் அதே கடைகளில் அரை கிலோ பருப்பும் கால் லிட்டர் எண்ணெயும்தான் போகும்.

சம்பளம் திடீரென்று நின்றால் என்ன ஆகும் என்பதை இந்த ஊர் கண்ணால் பார்த்திருக்கிறது. 2021 செப்டம்பர் 9 அன்று ஃபோர்டு நிறுவனம் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. சுமார் 4,000 ஊழியர்கள் பாதிக்கப்படுவார்கள் என்று நிறுவனமே சொன்னது. 2022-ல் மறைமலைநகர் ஆலையில் உற்பத்தி நின்றது. இப்படி ஒரு நாள் வரும்போது கைகொடுப்பது அதற்கு முன் மாதாமாதம் மிச்சம் பிடித்த தொகைதான். அந்த மிச்சத்தை மளிகைக் கணக்கில் எங்கே தேடுவது? வயிற்றைக் கட்டாமல் தேட முடியுமா? முடியும். எப்படி என்று பார்ப்போம்.

அரிசி, பருப்பா காரணம்?

செலவைக் குறைக்க வேண்டும் என்றதும் நாம் முதலில் கை வைப்பது அரிசி, பருப்பு, எண்ணெயில். ஆனால் கணக்கு வேறு மாதிரி சொல்கிறது. மத்திய அரசின் 2023-24 குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வின்படி, இந்திய நகரங்களில் ஒருவரின் சராசரி மாதச் செலவு 6,996 ரூபாய். அதில் சுமார் 40 சதவிகிதம் உணவுக்கு. அந்த உணவுச் செலவில் முதலிடம் பிடித்தது அரிசியோ கோதுமையோ இல்லை. டீ, காபி, குளிர்பானம், பிஸ்கட், சிப்ஸ், கடையில் வாங்கும் சாப்பாடு எல்லாம் சேர்ந்த பிரிவுதான். மொத்தச் செலவில் இதற்கு மட்டும் சுமார் 11 சதவிகிதம். தானியங்களுக்குப் போவது 4 சதவிகிதத்துக்கும் கீழே.

நம் வீட்டுக்குக் கொண்டு வந்து பார்ப்போம். உதாரணத்துக்கு, வேலைக்குப் போகிறவர் வெளியே ஒரு டீயும் ஒரு வடையும் சாப்பிட 25 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 26 வேலை நாளுக்கு 650 ரூபாய். பிள்ளைகளுக்கு நாளுக்கு 20 ரூபாய் பிஸ்கட், சிப்ஸ் என்றால் மாதம் 600. மாதத்தில் இரண்டு முறை பரோட்டா, பிரியாணி பார்சல், தடவைக்கு 600 என்றால் 1,200. ஆக மொத்தம் 2,450 ரூபாய். இது எந்த மளிகை லிஸ்ட்டிலும் எழுதப்படாத செலவு. அதனால்தான் 'லிஸ்ட்டைக் குறைச்சுட்டேன், ஆனா பணம் மிஞ்சலையே' என்ற புலம்பல்.

இதை அடியோடு நிறுத்தச் சொல்லவில்லை. இரண்டு பார்சலை ஒன்றாக்கி, இன்னொரு நாள் வீட்டிலேயே பிரியாணி செய்யலாம். ஆலையில் கேன்டீன் இருந்தால் டீயை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். பிள்ளைகளுக்கு வேர்க்கடலை, பொட்டுக்கடலை உருண்டை, சுண்டல் என்று வாரத்தில் மூன்று நாள் மாற்றினாலே பாதி குறையும்.

ஒரே ஒரு மாத நோட்டு

வருடம் முழுக்கக் கணக்கு எழுதுவது எல்லோராலும் ஆகாது. ஒரே ஒரு மாதம் எழுதுங்கள், போதும். நோட்டில் மூன்று பத்தி போடுங்கள். ஒன்று, அடுப்படிச் சாமான். இரண்டு, வெளித்தீனி. மூன்று, சோப்பு, பவுடர், துடைப்பம் போன்ற சாமான்கள். போனில் பணம் அனுப்புகிறவர்களுக்கு இன்னும் எளிது. மாதக் கடைசியில் பரிவர்த்தனைப் பட்டியலைப் பார்த்தாலே பாதி விவரம் வந்துவிடும். வீட்டில் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள். 'நீதான் செலவு பண்றே' என்ற சண்டை இல்லாமல், எந்தப் பத்தி வீங்கியிருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும்.

ரேஷன் கடையில் கிடக்கும் பணம்

'ரேஷன் பொருள் நமக்கு வேண்டாம்' என்று விட்டுவிடும் வீடுகள் இங்கே நிறைய. அரிசி அட்டை வைத்திருக்கும் நான்கு பேர் குடும்பத்துக்கு 20 கிலோ வரை அரிசி இலவசம்; விரும்பினால் அதில் ஒரு பகுதியைக் கோதுமையாக வாங்கலாம். ஒரு கிலோ துவரம்பருப்பு 30 ரூபாய், ஒரு லிட்டர் பாமாயில் 25 ரூபாய், சர்க்கரை கிலோ 25 ரூபாய் வீதம் ஆளுக்கு அரை கிலோ, அதிகபட்சம் 2 கிலோ.

வெளியே பருப்பு 120, பாமாயில் 110, சர்க்கரை 45 என்று வைத்துக்கொண்டாலும் பருப்பில் 90, எண்ணெயில் 85, சர்க்கரையில் 40, ஆக மாதம் 215 ரூபாய் மிச்சம். வருடத்துக்கு 2,580 ரூபாய். இதில் அரிசியைச் சேர்க்கவே இல்லை.

தென்மாவட்டங்களிலிருந்து வேலைக்காக இங்கே குடிவந்தவர்கள், 'கார்டு ஊர்ல இருக்கு' என்பார்கள். 2020 அக்டோபரிலிருந்து, தமிழ்நாட்டு அட்டைதாரர்கள் கைரேகை வைத்து வேறு ஊர் கடையிலும் பொருள் வாங்க வழி உண்டு. இங்கேயே தங்கிவிட்டவர்கள் முகவரியை ஆன்லைனில் மாற்றிக்கொள்வது இன்னும் நல்லது. பொருள் சரியாகக் கிடைக்கவில்லை என்றால் 1967 என்ற எண்ணில் புகார் சொல்லலாம்.

அந்த அரிசியை என்ன செய்வது? சாதத்துக்குப் பிடிக்கவில்லை என்றால் மாவுக்குப் போடுங்கள். நான்கு பங்கு ரேஷன் புழுங்கல் அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, கொஞ்சம் வெந்தயம். ஒரு கிலோ அரிசிக்குக் கால் கிலோ உளுந்து. கிலோ 140 என்றால் 35 ரூபாய். சுமார் மூன்று கிலோ மாவு கிடைக்கும். அதாவது கிலோவுக்கு 12 ரூபாய் சொச்சம். கரன்ட் செலவு தனி. கடையில் ஒரு கிலோ பாக்கெட் 50 ரூபாய் என்றால், மாதம் எட்டு பாக்கெட் வாங்கும் வீட்டுக்கு ஏறக்குறைய 300 ரூபாய் மிச்சம்.

ஊருக்கு முன்னால் ஒரு ஜி.எஸ்.டி, பில்லில் ஒரு ஜி.எஸ்.டி

நம் ஊருக்கு முன்னால் ஓடும் ஜி.எஸ்.டி சாலையை நன்றாகத் தெரியும். பில்லில் ஓடும் ஜி.எஸ்.டி-யையும் தெரிந்துகொள்ளுங்கள். 2022 ஜூலை 18 முதல், பாக்கெட் போட்டு லேபிள் ஒட்டிய அரிசி, பருப்பு, மாவு 25 கிலோ வரை இருந்தால் 5 சதவிகிதம் வரி. 25 கிலோவுக்கு மேல் இருந்தால் இந்த வரி இல்லை. கடைகளில் 26 கிலோ அரிசி மூட்டை திடீரென்று முளைத்த ரகசியம் இதுதான். அண்ணாச்சி கடையில் மூட்டையிலிருந்து அளந்து கொடுக்கும் சில்லறை அரிசி, பருப்புக்கும் வரி கிடையாது.

26 கிலோ மூட்டை எல்லோருக்கும் ஒத்துவராது. வைத்திருந்து வண்டு விழுந்தால் லாபம் நஷ்டமாகிவிடும். பக்கத்து வீட்டுக்காரரோடு சேர்ந்து ஒரு மூட்டை வாங்கிப் பிரித்துக்கொள்ளலாம். காய்ந்த வேப்பிலையோ மிளகாயோ போட்டு, ஈரமில்லாத டின்னில் வைத்தால் தாங்கும்.

இன்னொரு மாற்றம் 2025 செப்டம்பர் 22 அன்று வந்தது. குளியல் சோப்பு, ஷாம்பு, பற்பசை, தலைக்கான எண்ணெய் ஆகியவற்றின் வரி 18-லிருந்து 5 சதவிகிதமாகவும், நெய், வெண்ணெய் வரி 12-லிருந்து 5 ஆகவும் குறைந்தது. பழைய ஞாபகத்தில் பில்லைக் கட்டாமல், இப்போது என்ன விலை என்று ஒருமுறை பாருங்கள்.

பாக்கெட்டின் பின்பக்கம் படியுங்கள்

பாக்கெட்டில் எம்.ஆர்.பி-க்குப் பக்கத்தில் ஒரு கிராமுக்கு அல்லது ஒரு மில்லிக்கு எவ்வளவு விலை என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். பெரும்பாலும் நம் கண்ணில் படாத எழுத்து அது. ஆனால் நிஜ விலை அதில்தான் இருக்கிறது.

சமையல் எண்ணெயை எடுத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் பாக்கெட் போலவே தெரியும். எடுத்துப் பார்த்தால் 850 மில்லி என்றிருக்கும். ஒரு லிட்டர் 150 ரூபாய், 850 மில்லி 135 ரூபாய் என்றால் இரண்டாவதுதான் மலிவு என்று தோன்றும். கணக்குப் போட்டால் முதலாவது 100 மில்லி 15 ரூபாய், இரண்டாவது 15 ரூபாய் 88 காசு. லிட்டரையும் கிலோவையும் குழப்பிக்கொள்ளவும் கூடாது. ஒரு லிட்டர் எண்ணெயின் எடை சுமார் 910 கிராம்தான்.

'பெரிய பாக்கெட் என்றால் மலிவு' என்பதும் எப்போதும் சரியில்லை. ஷாம்பு சாஷே பல நேரம் பாட்டிலைவிட மில்லிக்குக் குறைந்த விலையில் கிடைக்கும். அளவோடு செலவாகும் என்பதும் கூடுதல் லாபம். எம்.ஆர்.பி-க்கு மேல் யாராவது விலை கேட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் சொல்லலாம்.

காய், மீன், பருவம்

காய்கறியை நான்கைந்து நாளுக்கு ஒருமுறை செங்கல்பட்டு உழவர் சந்தையில் வாங்கலாம். மின்சார ரயிலில் சிங்கபெருமாள்கோவில், பரனூர் தாண்டினால் செங்கல்பட்டு. சாதாரணக் கட்டண நகரப் பேருந்து என்றால் பெண்களுக்குக் கட்டணமே இல்லை. உழவர் சந்தையில் தினமும் காலை விலையை நிர்ணயித்துப் பலகையில் எழுதிப்போடுவார்கள். வெளியே விற்கும் சில்லறை விலையைவிடக் குறைவாக இருக்க வேண்டும் என்பதே 1999-ல் தொடங்கிய இந்தத் திட்டத்தின் நோக்கம். ஒரே ஒரு கிலோ தக்காளிக்காகப் போய்வருவது லாபமில்லை. இரண்டு மூன்று வீடு சேர்ந்து, ஒருவர் மாற்றி ஒருவர் போனால் நேரமும் மிச்சம்.

விலை ஏறிய காயை விட்டு வேறு காய்க்கு மாறத் தெரிந்தால் பாதிக் கவலை தீரும். 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டி, சென்னை ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்க வேண்டிய நிலை வந்தது. அந்த மாதிரி நாட்களில் புளிக்குழம்பு, மோர்க்குழம்பு, எலுமிச்சை ரசம் என்று தக்காளி இல்லாத சமையல் நம்மிடம் எத்தனையோ உண்டு.

மீனிலும் இதே கதை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அந்த இரண்டு மாதமும் விலை ஏறும். முட்டை, கருவாடு, கொண்டைக்கடலை என்று சமாளிக்கலாம். தடை முடிந்ததும் கோவளம், சதுரங்கப்பட்டினம் பக்கத்திலிருந்து மீன் வரத்து கூடும். வஞ்சிரம்தான் வேண்டும் என்று நிற்காமல் மத்தி, நெத்திலி, காரப்பொடி வாங்கினால் அதே காசுக்கு இரண்டு வேளை வரும். சத்தும் குறையாது.

பாட்டிகள் செய்த வருடச் சாமான் வழக்கத்தையும் மறக்க வேண்டாம். மாசி, பங்குனியில் புதுப் புளியும் புது மிளகாயும் வரும். வெயிலில் காயவைத்து, மிளகாயும் மல்லியும் மாவு மில்லில் அரைத்து வைத்துக்கொண்டால், மாதாமாதம் சின்னச் சின்னப் பொடி பாக்கெட் வாங்குவது நிற்கும்.

ஆப், கடன் நோட்டு, சீட்டு

பத்து நிமிடத்தில் பொருள் கொண்டுவரும் ஆப்பில் டெலிவரி, ஹேண்ட்லிங், சின்ன ஆர்டருக்குக் கூடுதல் என்று கட்டணங்கள் கடைசித் திரையில்தான் தெரியும். பணம் கட்டுமுன் அந்தத் திரையைப் படியுங்கள். கொத்தமல்லிக்கட்டு வாங்கப் போய், சாக்லேட்டும் சேர்ந்து வந்துவிடும்.

கடன் நோட்டு போட்டு வாங்கினால் நாமும் தனியாக ஒரு பிரதி எழுதிவைக்க வேண்டும். 'இந்த மாதம் இவ்வளவுக்கு மேல் வேண்டாம் அண்ணாச்சி' என்று முதலிலேயே சொல்லிவிட்டால் அவருக்கும் நிம்மதி.

தீபாவளி மளிகைச் சீட்டு, பலகாரச் சீட்டு கட்டுகிறவர்கள் பதிவு செய்த நிறுவனமா என்று பார்க்காமல் கட்டாதீர்கள். செய்யாறு வட்டாரத்தில் தீபாவளிச் சீட்டு கட்டி ஏமாந்தவர்களின் புகார்கள் செய்தியானது நினைவிருக்கலாம். அதே தொகையைத் தபால் அலுவலக ஆர்.டி-யில் போட்டால் பணம் பத்திரமாக இருக்கும்.

இதில் மட்டும் கை வைக்காதீர்கள்

பணம் போதாதபோது வீட்டில் சத்தமில்லாமல் குறைவது பெரும்பாலும் அம்மாவின் பால், அம்மாவின் முட்டை, அம்மாவின் பழம். 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை. முட்டை, பருப்பு, கீரை, பால் இவற்றில் மிச்சம் பிடித்தால், அது ஆஸ்பத்திரிச் செலவாகத் திரும்பி வரும். சிப்ஸைக் குறைத்த காசில் முட்டை வாங்குங்கள். வீட்டில் எல்லோருக்கும் ஒரே கணக்கில் வாங்குங்கள், சமைக்கிறவருக்கும் சேர்த்து.

மிச்சத்தை என்ன செய்வது?

ரேஷனில் 215, மாவில் 300, வெளித்தீனியைப் பாதியாக்கினால் 1,200 சொச்சம். மாதம் 1,700 ரூபாய் கையில் நிற்கும். அதைத் தனிக் கணக்கில் போட்டு, முதல் இலக்காக ஒரு மாத மளிகைக்கான பணத்தைச் சேருங்கள். பிறகு மூன்று மாதத்துக்கு. மகளிர் உரிமைத்தொகை 1,000 ரூபாய் வாங்குகிறவர்கள் அதில் ஒரு பகுதியைச் சேர்த்தால் சீக்கிரம் எட்டிவிடலாம். ஓவர்டைம் இல்லாத மாதமோ, வேலை மாறும் இடைவெளியோ வந்தால் அடுப்பு எரிய யாரிடமும் கைநீட்ட வேண்டியிருக்காது.

இந்த மாதச் சம்பளம் வந்ததும் முதல் வேலை, ஒரு நோட்டு வாங்குவது. மூன்று பத்தி போடுங்கள். முதல் வரியாக, இன்று குடித்த டீயை எழுதுங்கள்.